செயின் சத்தம்

குளிர் தொடங்கிய வாரத்தில்தான் அந்தச் சத்தம் முதலில் அவள் காதில் விழுந்தது. ஜன்னலோரம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். வெளியே தகரக் கொட்டகைக்குள் அவள் கணவர் டாக்சியைக் கிளப்பினார். கிளம்பிய நொடியில், தகர டப்பாவுக்குள் பொத்தான்களைப் போட்டு யாரோ வேகமாகக் குலுக்கியதுபோல் ஒரு சலசலப்பு. மூச்சை இழுத்து விடுவதற்குள் அது அடங்கிவிட்டது. எஞ்சின் தன் வழக்கமான உறுமலுக்கு வந்தது, வண்டி தெருவில் இறங்கிப் போனது. அவள் கை தன்னையறியாமல் மேசைமேல் இருந்த பொத்தான் டப்பாவைத் தொட்டுப் பார்த்தது. டப்பா மூடியபடி அசையாமல்தான் இருந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். பகலில் அவர் சாப்பிட வந்துவிட்டுத் திரும்பக் கிளப்பும்போது வராது. இரவு முழுக்கக் குளிரில் நின்ற வண்டி காலையில் கண் விழிக்கும்போது மட்டும் வரும். குளிர் ஏற ஏற அந்தக் குலுக்கலும் நீண்டது. முதலில் சட்டைப் பொத்தான் அளவு, பிறகு கோட்டுப் பொத்தான் அளவு. தையல்காரிக்குச் சத்தத்தை அளக்க வேறு என்ன அளவுகோல் இருக்கிறது?

அவரிடம் சொன்னாள். கட்டிலில் குனிந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்து, வண்டியில் என்னமோ சத்தம் வருகிறதே என்றாள். அவர் நிமிராமல் அடுத்த காலுக்கு உறையை எடுத்தார். அவ்வளவுதான். ஒருமுறை சொல்லிப் பதில் வராவிட்டால் இரண்டாம்முறை சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் எப்போதோ ஒழிந்துபோயிருந்தது.

தவிர, வண்டி விஷயத்தில் அவருக்குச் சொல்ல அவள் யார்? டாக்சி ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே டாக்டர். எவன் வண்டியில் என்ன கோளாறு என்றாலும் முதலில் அவரிடம்தான் வருவான். அவர் பானெட்டைத் திறந்து, முழங்கை நீளமுள்ள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே நடப்பதெல்லாம் அந்தக் கம்பி வழியே அவர் காதுக்கு ஏறி வரும். "நாக்க நீட்டச் சொல்லுங்க டாக்டர்" என்று சுற்றி நிற்பவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அவர் கண் திறக்கும்வரை ஒருவனும் நகரமாட்டான். பேரிங் என்பார், அல்லது வால்வு என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தக் காதை நம்பித்தான் மனிதர் தன்னையே நம்புகிறார் என்று அவளுக்குத் தோன்றும்.

கொஞ்ச காலமாக அவருக்குத் தன் வண்டியைப் பற்றி ஒரு தனிப் பெருமை வந்திருந்தது. மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, இருந்தும் எஞ்சின் வரவர மெத்தென்று ஓடுகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். வாங்கிய புதிதில் இருந்த கரகரப்புக்கூட இப்போது இல்லையாம். வயதானால் சில மனிதர்களுக்குக் குணம் கூடுவதில்லையா, அந்த ரகமாம் இது.

மனிதர்களுக்கு அப்படிக் கூடியதாக அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் இருந்தது இரண்டு பேர். பேச்சு என்று பார்த்தால் அரை ஆளுக்குக்கூடக் காணாது.

மகள் தொலைதூர நகரம் ஒன்றில் வேலை கிடைத்துப் போனபோது அவருக்கு மனசில்லை. அந்த வருத்தம்தான் இப்படி மௌனமாகிவிட்டது என்று முதலில் நினைத்தாள். வாரம் ஒருமுறை மகள் போன் செய்வாள். தப்பித்தவறி அவர் எடுத்துவிட்டால், "ம், ம், நல்லா இருக்கேன், அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல் நீட்டிவிடுவார். அப்பாவுக்கு இன்னும் கோபமா என்று மகள் கேட்பாள். அவர் யாரிடம்தான் பேசுகிறார், நீயும் நானும் ஒரே படகில்தான் என்று இவள் சமாதானம் சொல்லுவாள்.

இவளிடமும் அப்படித்தான். சில நாள் கேள்விக்குப் பதிலே வராது. சில நாள் சம்பந்தமில்லாமல் ஏதோ வரும். அலட்சியம் என்று எடுத்துக்கொண்டாள். அலட்சியத்துக்குக் காரணம் தேடினாள். பெண்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? தன் நிறத்திலிருந்து தன் சமையல்வரை ஒவ்வொன்றாக எடுத்து, கிழிந்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஒரு மழைக்காலத்தில், விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, கூரையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "எனக்கு ரொம்பத் தனியா இருக்குங்க. ஏதாவது பேசுங்களேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் கேட்டவற்றில் அதைவிடச் சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. அவர் ஒரு பெருமூச்சு விட்டார், போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். அவர் முதுகு அன்று அவளுக்கு ஊர் எல்லைபோல் இருந்தது. மறுநாளிலிருந்து தேவைக்கு மட்டும் பேசினாள். போகப்போகத் தேவைகளும் குறைந்தன. மெஷின் இருந்தது. ஜிப் போனவர்களும், உடம்பு மெலிந்தவர்களும், பருத்தவர்களும் துணியோடு வந்தார்கள். மடித்த துணிக்குள் ஊசி இறங்கி ஏறும் சத்தம் நாள் முழுக்க அவளுக்குத் துணையிருந்தது. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு வாய் திறக்காமல் இருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை.

ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒரு முற்பகலில் கிழிந்த ஓவராலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல். அவன் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிடும்.

"அண்ணி, இதுல இனி துணி எது, ஒட்டு எதுன்னு எனக்கே தெரியாது" என்று முழங்கால் கிழிசலை விரித்துக் காட்டினான்.

"தவழ்றதக் கொறைச்சா துணி பொழைக்கும்."

"தவழ்ந்தாத்தானே அண்ணி சோறு."

துணியைக் கொடுத்த பிறகும் அவன் போகவில்லை. அண்ணன் சவாரியிலா என்று கேட்டான். ஜன்னலுக்கு வெளியே காலியாக இருந்த கொட்டகையைப் பார்த்தான். பிறகு, அவனால் முடிந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, "காலைல வண்டி கிளம்பறப்போ ஏதாவது சத்தம் கேக்குதா அண்ணி?" என்றான்.

அவள் பொத்தான் டப்பாவை எடுத்துக் குலுக்கினாள்.

"அதேதான்" என்றான் அவன். முகம் தெளிந்தது. "அப்ப எனக்குக் காது சரியாத்தான் இருக்கு."

டைமிங் செயின் அது என்றான். எஞ்சினின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கிற சங்கிலி. அவள் மெஷினில் நூலைப் பிடித்துவைக்க டென்ஷன் இருப்பதுபோல் அந்தச் சங்கிலியைத் தளராமல் பிடித்துவைக்க ஒரு டென்ஷனர் உண்டு. ராத்திரி ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் அது திரும்ப ஏறி டென்ஷனரைத் தள்ளும்வரை, நீண்டுபோன சங்கிலி ஆடும், மூடியில் அடிக்கும்.

"அப்ப மாத்தணுமா?" என்று கேட்டாள்.

அவன் தலையைச் சொறிந்தான். ரப்பர் பெல்ட் என்றால் இத்தனை கிலோமீட்டருக்கு மாற்று என்று கணக்கு உண்டு. செயினுக்கு அப்படிக் கிடையாது. இதைவிட இரண்டு பங்கு ஓடியும் கம்மென்று இருந்த செயினைப் பார்த்திருக்கிறான். நேரத்துக்கு ஆயில் மாற்றாமல் பாதி தூரத்திலேயே போனதையும் பார்த்திருக்கிறான். "கிலோமீட்டரப் பாத்துப் பயந்து மாத்த வேணாம் அண்ணி. ஆனா சத்தம் வந்தப்புறம் சும்மா விடக்கூடாது. செயின் சக்கரத்துல ஒரு பல் தாவுச்சுன்னா உள்ள ஒண்ணோட ஒண்ணு மோதி எஞ்சினே செத்துப்போயிடும். சமதரையில செத்தா ஓரமா தள்ளி நிறுத்தலாம். இறக்கத்துல செத்தா பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லா இறுகிடும்."

"அவருகிட்ட சொல்லலையா?"

"சொல்லாம இருப்பேனா?" போன வாரம் பிரேக் வேலைக்காக வண்டி இரண்டு ராத்திரி பட்டறையில் நின்றது. முதல் நாள் காலையில் அண்ணன் வந்து எல்லார் முன்னிலையிலும் கிளப்பியபோது சலசலவென்று கேட்டது. அவன் சொன்னான். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருவனைக் கிளப்பச் சொல்லிக் கேட்டார். "'தண்ணி மாதிரி ஓடுது, உன் காதுல அழுக்கு'ன்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. டாக்டரே சொன்னப்புறம் அப்பீல் ஏது? நானும் வீட்டுக்குப் போய்க் காதக் கழுவினேன் அண்ணி."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. நாளை மறுநாள் மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியையும் அவன் தாயையும் கூட்டிப் போக அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றான். "அதச் சொல்லத்தான் வந்தேன். ஓவரால் ஒரு சாக்கு." வாசல்வரை போனவன் திரும்பி வந்து, எஞ்சினின் முன்பக்கம், பெல்ட் சுற்றுவதற்கு மேலே இருக்கும் மூடியில் கை வைத்தால் ஆட்டம் கையிலேயே தெரியும், அவர் ஏன் அதைப் பார்க்கவில்லை என்றுதான் புரியவில்லை என்றான். காது நன்றாக இருக்கிறவன் கையை எதற்கு வைக்கப்போகிறான் என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் மேசையில் அவர் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலே, திரும்பாமலே, மனதுக்குள் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னாள். செயினை மாற்றுங்கள், இந்த வண்டியோடு மலைக்குப் போகாதீர்கள், உங்களுக்காக இல்லாவிட்டாலும் அந்த நோயாளிக்காக. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நாற்காலி நகர்ந்தது. காலித் தட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

அவள் அந்தத் தட்டை நீண்ட நேரம் தேய்த்தாள். மலையில் உருண்டாலும் உருளுவார், பெண்டாட்டி சொல்லிக் கேட்டார் என்று மட்டும் இருக்கக்கூடாது. அப்படித்தான் அவளுக்குப் பட்டது.  அந்தக் கோபத்துக்கு அடியில் பயம் இருந்ததை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் தூறல் போட்டது. அவர் சாப்பிட்டுவிட்டு அடுப்பங்கரை மேசையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அவள் தேநீருக்குக் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுக் கொடியிலிருந்த துணிகளை எடுக்க ஓடினாள். அது மகள் வாங்கிக் கொடுத்த விசில் கெட்டில், தண்ணீர் கொதித்தால் ஊரைக் கூட்டும். அவள் பாதித் துணிகளை எடுப்பதற்குள் அது கூவத் தொடங்கிவிட்டது. எழுந்து ஒரு திருகு திருகி அணைக்கக்கூட இந்த மனிதருக்கு உடம்பு வணங்காதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஈரத் துணிகளைத் தோளில் அள்ளிப் போட்டபடி வந்தவள், அடுப்பங்கரை வாசலில் நின்றுவிட்டாள்.

கெட்டில் அவர் தோளிலிருந்து ஒரு கை தூரத்தில் அலறிக்கொண்டிருந்தது. ஆவி அவர் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியை வெள்ளையாக்கியிருந்தது. அவர் பேப்பரில் ஒரு விரலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டிருந்தார். அவளை நிறுத்தியது அவர் முகம்தான். அவ்வளவு அமைதியான முகம். பிடிவாதம் பிடிக்கிறவனின் தாடையில் ஒரு இறுக்கம் இருக்கும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்த முகத்தில் எதுவும் இல்லை.

தெருவில் ஒரு லாரி கனத்த ஹாரனை அடித்துக்கொண்டு போனது. அவர் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குத் திரும்பினார். கெட்டில் கூவிக்கொண்டேயிருந்தது.

அவள் ஓசையில்லாமல் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அலறல் தேய்ந்து நின்றது. அவர் முகத்தில் மாற்றமில்லை. அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் வழக்கமான குரலில், "நான் வீட்ட விட்டுப் போறேன்" என்றாள்.

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"செத்துட்டாலாவது திரும்பிப் பாப்பீங்களா?"

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார்: "டீ ஆச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஈரத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பு எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கொஞ்சம் கூடிப்போயிற்று.

அன்று மெஷினில் உட்கார்ந்தாள், தைக்கவில்லை. கனத்த சத்தங்கள் அவருக்குக் கேட்கின்றன. லாரி கேட்கிறது, மெக்கானிக்கின் பீப்பாய்க் குரல் கேட்கிறது, அதனால்தான் ஸ்டாண்டில் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. கூர்மையான, மெல்லிய சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிருக்கின்றன. கெட்டில், மகள், மனைவி. எஞ்சினின் கரகரப்பும் அந்த வரிசையில் போய்விட்டது. வண்டிக்குக் குணம் கூடியிருக்கிறது என்று மனிதர் அதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்சியின் உட்கண்ணாடி நினைவுக்கு வந்தது. பின்சீட்டில் இருப்பவரின் முகம் தெரிகிறாற்போல் அதைக் கீழே சாய்த்து வைத்திருப்பார். நம்மை எதற்கு இப்படி உற்றுப் பார்க்கிறார் என்று அவளே கூசியிருக்கிறாள். அவர் பார்த்தது உதட்டை. கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, மனதுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஒப்புக்கொள்வாரா? டாக்டருக்குக் காது போய்விட்டது என்றால் அவரிடம் மிச்சம் என்ன?

பிறகு அந்த மழைக்காலத்து இருட்டு. சுவர்ப் பக்கமாகத் திரும்பிய முதுகு. அவள் கேட்டது அவரைப் போய்ச் சேரவேயில்லை. இத்தனை வருஷமும் கூரைக்கும் கட்டிலுக்கும் நடுவில் எங்கோ தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லவில்லை என்றுதான் அவள் அவரைத் தண்டித்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று நினைத்திருந்தாள், பார்த்தால் இவ்வளவு காலமும் அவள் ஒருத்தியே போட்டிருக்கிறாள். நிம்மதி வரவேண்டிய இடத்தில் ஒரு வெறுமைதான் வந்தது. கோபம் ஒரு துணையாக இருந்திருக்கிறது, இப்போது அதுவும் இல்லை.

இன்னொன்றும் தோன்றியது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? மனைவியின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றுபோயிருக்கும். இவள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள் என்று அவரும் ஒரு காரணம் தேடி, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாரோ?

மலைச் சவாரிக்குப் போகவேண்டிய காலையில் நல்ல பனிமூட்டம். அவர் எழுவதற்குமுன் அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு கொட்டகைக்குப் போய், விளக்கைப் போட்டு, பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள். இரும்பு விரலைக் கடித்தது. அவர் பிளாஸ்க்கோடு வந்து பார்த்து, புருவத்தைத் தூக்கி, "என்ன?" என்றார்.

அவள் விளக்குக்கு நேராக, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். எத்தனை காலம் கழித்து இப்படி நிற்கிறாள் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. "கைய இங்க வைங்க" என்று நிதானமாகச் சொன்னாள். அவர் அவள் வாயைப் பார்த்தார். அவர் கையை எடுத்து, பெல்ட்டுக்கு எட்டாமல் மேலே, அந்த மூடியின்மீது வைத்தாள். பிறகு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

பொத்தான்கள் குலுங்கின. திறந்த பானெட்டுக்குக் கீழே இருந்த இடுக்கில் அவளுக்கு அவர் கை மட்டும் தெரிந்தது. அது சூடு பட்டதுபோல் எழும்பியது, பிறகு மெல்லத் திரும்பி வந்து மூடியின்மேல் படிந்தது. குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிறவர் கைபோல் அங்கேயே இருந்தது. சலசலப்பு அடங்கிய பிறகும் எடுக்கவில்லை.

அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள். அவர் பழக்கதோஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காதுவரை கொண்டுபோகவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"குளிர் தொடங்கினதிலேர்ந்து."

"நீ சொல்லவேயில்லையே."

அந்த ஒரு வார்த்தைக்கு முந்தின நாள்வரை அவளிடம் நூறு பதில் இருந்திருக்கும். "சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் அவள் உதடு மூடிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு என்னென்ன நினைவு வந்ததோ அதெல்லாம் அவருக்கும் ஒவ்வொன்றாக வருவதை அவர் முகத்தில் பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்து அதன் இடத்தில் வைத்தார்.

"எனக்குக் கேக்கல" என்றார். இன்னும் மெல்லச் சொல்லியிருந்தால் அவளுக்கும் கேட்டிருக்காது.

சவாரியை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்று போனை எடுத்தார். எண்ணை அழுத்தியபின், கொஞ்சம் தயங்கி, அவளிடமே நீட்டினார். இந்தமுறை அவள் அதைச் சூடான பாத்திரம் என்று நினைக்கவில்லை.

பட்டறையில் வேலை சில நாள் ஓடியது. மெக்கானிக் பழைய செயினையும் புதுச் செயினையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துக் காட்டினான். பழையது ஒரு கண்ணி அளவுக்கு நீண்டிருந்தது. அதை வழிநடத்தும் பிளாஸ்டிக் பட்டை தேய்ந்து, உடைந்த துண்டுகள் ஆயிலில் கிடந்தன. மலை தாங்கியிருக்காது என்று அவன் சொல்ல வந்தான், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டான். அவர் பழைய செயினைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் அது துவளுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்த மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினை முதன்முதலாகக் கிளப்பிப் பார்க்கும்போது அவளும் போயிருந்தாள், தைத்து முடித்த ஓவரால் கையில் இருந்தது. ஸ்டாண்டிலிருந்தவர்களும் டீ டம்ளர்களோடு கூடிவிட்டார்கள். மெக்கானிக் வண்டியைக் கிளப்பி ஓடவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அந்த நீளமான ஸ்க்ரூ டிரைவரை அவரிடம் நீட்டினான்.

"டாக்டர் கேட்டுச் சொன்னாத்தான் டிஸ்சார்ஜ்."

அவர் வாங்கிக்கொண்டார். எஞ்சினைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியைக் காதில் வைத்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. புதுச் செயின், நிச்சயம் சரியாகத்தான் இருக்கும். அப்படியே சொல்லிவிடட்டும் என்று அவள் நினைத்தாள். தான் அதற்குச் சாட்சியாக இருக்கவேண்டாம் என்று தரையைப் பார்த்தாள்.

"அவகிட்ட கேளு" என்று அவர் குரல் கேட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். பிராக்டிஸை அண்ணிக்குக் கொடுத்துவிட்டாரா என்றான் ஒருவன். இனி காது பார்க்கப் பெண்களுக்குத் தனி வரிசையா என்றான் இன்னொருவன்.

"அவளுக்குத்தான் கேக்கும்" என்றார் அவர். "எனக்குக் காது போயிடுச்சு."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். மெக்கானிக் தன் பெரிய குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவள் முன்னே போய், கணவர் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, அவர் வைக்கும் இடத்திலேயே முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டாள். மரம் வழவழவென்று இருந்தது, அவர் காது தேய்த்த வழவழப்பு. உள்ளே, எண்ணெய் விட்ட நல்ல மெஷின் நீளமான ஓரம் ஒன்றை நிற்காமல் தைத்துக்கொண்டு போவதுபோல் ஒரு சீரான ஓட்டம். இவ்வளவு காலம் இதைத்தான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாரா? இதைத் தொலைத்துவிட்டுத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரா?

நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லா இருக்குங்க."

அவர் தலையசைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது முன்சீட்டில் பழைய பாகங்கள் வைத்த அட்டைப்பெட்டி இருந்தது. தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. அவள் வழக்கம்போல் பின்னால் ஏறிக்கொண்டாள். பனி விலகிக்கொண்டிருந்தது. கடைகளின் ஷட்டர்கள் ஏறின. இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கும் பழைய மௌனத்துக்கும் வித்தியாசம் இருந்தது, ஆனால் அதை எப்படி முடிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பெரிய சாலை முனையில் சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்தினார். கையை நீட்டி உட்கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தார். அதில் அவர் கண்கள் வந்து அவள் வாயில் நின்றன.

"ஏதாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லு. இப்பத் தெரியும்."

எங்கிருந்து தொடங்குவது? எத்தனையோ வருஷத்துப் பேச்சு வரிசையில் நின்றது. கடைசியில் அந்தப் பழைய வாக்கியம்தான் மற்றவற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. இருட்டில் கூரையிடம் சொன்னதை, வெளிச்சத்தில், கண்ணாடியைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் தெரிகிறாற்போல் தொடங்கினாள்.

"எனக்கு ரொம்ப..."

பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. அது அவருக்குக் கேட்டது. விளக்கு பச்சையாகியிருந்தது. அவர் கண்கள் கண்ணாடியை விட்டுச் சாலைக்குப் போயின, கை கியரைத் தள்ளியது. "இரு, அடுத்த சிக்னல்ல சொல்லு" என்றார், முன்னால் பார்த்தபடி.

அந்தச் சாலையில் காலை வேளையில் சிக்னல்கள் ஒன்றையொன்று பார்த்துப் பேசிவைத்துக்கொண்டதுபோல் வரிசையாகப் பச்சையாகிக்கொண்டே போகும். வண்டி தண்ணீர்போல் ஓடியது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சிவப்பு விளக்குக்கு ஏங்கிக்கொண்டு, கையில் துணியும் உதட்டில் குண்டூசியுமாக உட்கார்ந்திருப்பதுபோல், வாக்கியத்தின் மீதியை வாயில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.